எழுதிய குவெரியும் போய்ச் சேர்ந்த குவெரியும்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் கொண்டு எழுதியது. பெயர், தகப்பனார் பெயர், முகவரி, மதிப்பெண் என்று பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். ஆங்கிலத்தில் நிரப்பி அனுப்பினால், விண்ணப்பம் கிடைத்தது, நன்றி என்று பக்கம் சொல்லும். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நான்காவது வாரம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒரு மாணவி நேரில் வந்து நிற்கிறார், நன்றி சொன்ன பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கிறார், பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பெயரைக் கேட்டேன். டி'குரூஸ்.

கடற்கரை ஊர்களில் போர்த்துகீசியர் காலத்திலிருந்து வழங்கிவரும் குடும்பப் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குப் பின் ஒற்றை மேற்கோள் போடுவது பலர் வழக்கம். எஸ்க்யூஎல்லில் ஒரு சொற்றொடரைத் திறப்பதும் மூடுவதும் அதே குறிதான். முதல் எழுத்தோடு பெயர் முடிந்துவிட்டது என்று தரவுத்தளம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த ‘குரூஸ்’ அதற்குப் புரியாத சொல்லாகிவிட்டது. குவெரி, அதாவது நான் தரவுத்தளத்துக்கு அனுப்பிய கட்டளை, பிழை என்று அது சொல்லவும் செய்தது. நான்தான் கேட்கவில்லை. அன்று நாங்கள் எல்லோரும் பயன்படுத்திய பழைய ஃபங்ஷன், குவெரி தோற்றால் ‘இல்லை’ என்று ஒரு மதிப்பை மட்டும் சத்தமில்லாமல் திருப்பும். என்ன பிழை என்பதைத் தனியாக இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நான் திரும்பி வந்த மதிப்பைப் பார்க்காமலே அடுத்த வரியில் நன்றி சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து இத்தனை வருடம் என் குவெரிகளையும் பிறர் குவெரிகளையும் சரிசெய்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல முடியும். தரவுத்தளச் சிக்கல்களில் பெரும்பகுதி எஸ்க்யூஎல் தெரியாததால் வருவதல்ல. நாம் எழுதியதாக நினைக்கும் குவெரிக்கும் உண்மையில் போய்ச் சேர்ந்த குவெரிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் கண்ணில் படாமல் மூடிவைக்கும் பழக்கங்களே சிக்கலை வளர்க்கின்றன.

இடைவெளி ஏன் வருகிறது? மற்ற நிரல் வரிகளில் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் மொழியே கண்டுபிடித்துவிடும். குவெரியோ ஒரு மொழிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு மொழி. பிஎச்பிக்கு அது வெறும் எழுத்துக் கோவை. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அது கவலைப்படாது. இது முதல் திரை. இரண்டாவது திரை எஸ்க்யூஎல்லின் பிறவிக்குணம். எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார்; அதன்மேல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் ‘சீக்வெல்’ என்ற பெயரில் இந்த மொழியை அமைத்தார்கள். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எப்படித் தேடி எடுப்பது என்பதைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. மிகப் பெரிய வசதிதான். ஆனால் அது எந்த வழியாகப் போய் எடுத்தது என்பது, கேட்டால் ஒழிய நமக்குத் தெரியாது.

மூன்றாவது திரையை நம் கருவிகள் தாங்களே போட்டுக்கொண்டன. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் பிஎச்பிக் கருவிகளை வெளியிட்டது 1995இல். சுவீடனில் மைக்கேல் விடேனியஸும் கூட்டாளிகளும் மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பாதி தவறாக இருந்தாலும் பக்கம் நிற்காமல் ஓட வேண்டும் என்ற மனப்பான்மை இரண்டிலும் ஊறியிருந்தது. முப்பது எழுத்துப் புலத்தில் நாற்பது எழுத்தைப் போட்டால் மைஎஸ்க்யூஎல் மீதியை வெட்டிவிட்டு, யாரும் படிக்காத ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவைக்கும். தவறான தேதியைக் கொடுத்தால் எல்லாம் பூஜ்யமான ஒரு தேதியைப் பதிந்துகொள்ளும். இணையத்தை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது இந்தத் தாராளம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறைப் புரோகிராமர்கள் பிழையைப் பிழையாகப் பார்க்காமலே தொழில் கற்றார்கள்.

அந்த மௌனத்தைக் கருவிகள் ஒவ்வொன்றாகக் கலைத்துவந்த கதைதான் பிந்தைய வரலாறு. 2015இல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பில் ‘ஸ்டிரிக்ட் மோட்’ இயல்புநிலையானது. வெட்டிப் பதிவதற்குப் பதில் மறுத்துவிடும். அதே ஆண்டு டிசம்பரில் பிஎச்பி 7 அந்தப் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை அடியோடு நீக்கியது. 2020இல் பிஎச்பி 8.0 வந்தபோது பிடிஓ என்ற தரவுத்தள நீட்டிப்பு வழியாகப் போகும் குவெரி தோற்றால் நிரல் அங்கேயே நிற்கும் என்றானது, 2021இல் 8.1 பதிப்பில் மைஎஸ்க்யூஎல்ஐ நீட்டிப்புக்கும் அதே விதி வந்தது. இந்த மாற்றங்கள் வந்தபோது பழைய தளங்கள் உடைந்தன என்று பலர் வருத்தப்பட்டார்கள். அவை முன்பே உடைந்துதான் இருந்தன. இப்போது வெளியே தெரிந்தது என்பதே என் கருத்து.

பிழை வெளியே தெரிந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். பிஎச்பியில் பழகியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சந்தித்த எச்சரிக்கை ஒன்று உண்டு: விடைத்தொகுப்பு வர வேண்டிய இடத்தில் ‘பூலியன்’ வந்திருக்கிறது என்பது. அது காட்டும் வரி எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த வரியையே மணிக்கணக்கில் மாற்றி மாற்றி எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழை அந்த வரியில் இல்லை. அதற்கு முந்தைய குவெரி தோற்று ‘இல்லை’ என்று திருப்பியிருக்கிறது. அந்த ‘இல்லை’யிலிருந்து பதிவுகளை எடுக்கப் போனபோதுதான் சத்தம் கேட்டது. சிலர் அந்தச் சத்தமும் வேண்டாம் என்று முன்னால் @ குறியைப் போட்டுவிடுவார்கள். நோயாளி முனகுகிறார் என்று வாயைக் கட்டுவது போன்ற காரியம் அது.

மைஎஸ்க்யூஎல்லின் 1064ஆம் எண் பிழையும் அப்படித்தான். இலக்கணப் பிழை, கையேட்டைப் பார் என்று தொடங்கும் நீண்ட வாக்கியத்தைப் பார்த்ததும் பலர் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதன் வால்பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. ‘நியர்’ என்ற சொல்லுக்குப் பின் மேற்கோளில் ஒரு துண்டு வரும். தரவுத்தளம் படித்துக்கொண்டே வந்து புரியாமல் நின்ற இடத்திலிருந்து அந்தத் துண்டு தொடங்குகிறது. தவறு அந்தத் துண்டின் முதல் சொல்லிலோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்கும். என் கல்லூரிப் பக்கத்தில் அதை அச்சிட்டுப் பார்த்தபோது துண்டு ‘குரூஸ்’ என்று தொடங்கியது. காரணம் தேட அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேற்கோளுக்குள் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக வந்தால், குவெரி முடியும் முன்பே அறுந்துவிட்டது என்று பொருள்: ஒரு மாறி காலியாகப் போயிருக்கும், அல்லது கடைசி அடைப்புக்குறி விடுபட்டிருக்கும். 1054 என்றால் அந்தப் பெயரில் புலம் இல்லை, 1146 என்றால் டேபிள் இல்லை, 1062 என்றால் ஒரே சாவி இருமுறை. ஐந்தாறு எண்களைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த வேலையில் என்னிடம் யாராவது ஒரே ஒரு பழக்கம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: குவெரியை அனுப்பும் இடத்தில் நின்று, மாறிகள் எல்லாம் நிரம்பிய முழு வாசகத்தை அச்சிட்டுப் பார், அதை அப்படியே எடுத்து மைஎஸ்க்யூஎல் திரையில் கையால் ஓட்டு. கையால் ஓட்டினால் விடை வருகிறது, பக்கத்தில் வரவில்லை என்றால் கோளாறு பிஎச்பியில். இரண்டிலும் வரவில்லை என்றால் குவெரியில். லாராவெல் போன்ற கட்டமைப்புகளில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே பெரும்பாலும் குவெரியை நாம் எழுதுவதில்லை, நமக்காகக் கட்டமைப்பே எழுதுகிறது.

ஒற்றை மேற்கோளால் என் குவெரி உடைந்தது ஒரு விபத்து. அதே குறியை ஒருவர் வேண்டுமென்றே போட்டால் அது தாக்குதல். 1998 டிசம்பரில் ‘ஃபிராக்’ என்ற மின்னிதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் புனைபெயரில் எழுதிய கட்டுரைதான், பின்னால் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர்பெற்ற வழியைப் பொதுவெளியில் முதலில் விளக்கியதாகச் சொல்லப்படுகிறது. பிஎச்பி இதற்குத் தன் வழக்கப்படி மௌனமான மருந்து ஒன்றை வைத்திருந்தது. ‘மேஜிக் கோட்ஸ்’ என்ற அமைப்பு, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் ஒரு சாய்கோட்டைத் தானே சேர்த்துவிடும். என் கணினியில் அது இயங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியின் சர்வரில் நிறுத்தி வைத்திருந்தார்கள். என் கணினியில் டி'குரூஸ் உள்ளே போனார், அங்கே போகவில்லை. தெரியாமல் காப்பாற்றும் கருவி, தெரியாமல் கைவிடவும் செய்யும். 2012இல் பிஎச்பி 5.4 அதை நீக்கியது மிகச் சரி.

சரியான வழி, குவெரியின் வாசகத்தையும் மதிப்புகளையும் தனித்தனியாக அனுப்புவது. மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறியைப் போட்டு வாசகத்தை முதலில் தயார் செய்கிறோம். பெயரும் எண்ணும் பிறகு தனியே போகின்றன. பெயருக்குள் எந்தக் குறி இருந்தாலும் அது பெயராக மட்டுமே நிற்கும். பிடிஓ 2005 முதல் பிஎச்பியோடு வருகிறது. ஆகவே இன்றும் மாறிகளை ஒட்டி ஒட்டிக் குவெரி எழுத எந்த நியாயமும் இல்லை. ஆனால் இங்கேயும் இடைவெளி ஒளிந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லோடு பேசும்போது பிடிஓ இயல்புநிலையில் உண்மையாகத் தனித்தனியே அனுப்புவதில்லை. தானே பாதுகாப்பாக ஒட்டி ஒரே வாசகமாக அனுப்புகிறது. அதனால்தான் ‘லிமிட்’டுக்கு அடுத்த இடத்தில் கேள்விக்குறி போட்டு, பத்து என்ற மதிப்பை மற்றவற்றோடு ஒரே பட்டியலில் கொடுத்தால் 1064 வருகிறது. அது எண்ணை மேற்கோளுக்குள் வைத்துவிடுகிறது. குவெரியைப் பார்த்தால் குற்றமே இல்லை. போய்ச் சேர்ந்ததைப் பார்த்தால்தான் தெரியும். எண் என்று வகையைச் சொல்லிக் கட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்ஜெக்‌ஷனை அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: பிரிட்டனில் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2015 அக்டோபரில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பறிகொடுத்தது. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் மறு ஆண்டு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தாக்கியது பழைய இன்ஜெக்‌ஷன் முறைதான். வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பக்கங்கள் இன்னும் இணையத்தில் திறந்திருக்கின்றன என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. என்னை உறுத்துவது இன்னொரு செய்தி: அதே 2015இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் அதே வகைத் தாக்குதல் இருமுறை நடந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கங்களை யாரும் கண்காணிக்கவில்லை.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இந்த மௌனம் இன்னொரு வடிவத்தில் வருகிறது. மைஎஸ்க்யூஎல் நெடுங்காலம் லத்தீன் எழுத்துக் குறிமுறையை, அதுவும் சுவீடிஷ் அகரவரிசையோடு, இயல்பாக வைத்திருந்தது, 2018இல் 8.0 பதிப்பில்தான் அது யூடிஎஃப் குறிமுறைக்கு மாறியது. பக்கம் யூடிஎஃப்-8இல் தமிழை அனுப்பும். இணைப்பு அதை லத்தீன் என்று நினைத்து வாங்கும். திரும்பக் கேட்கும்போது அதே தவறைத் தலைகீழாகச் செய்து கொடுக்கும். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் பக்கத்தில் தமிழ் அழகாகத் தெரியும். வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் சர்வர் மாற்றும்போது அத்தனை கட்டுரைகளும் புள்ளியும் கோடுமாக உடைந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் யூனிகோட் கணக்குப்படி ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. டேபிளில் பதிந்த அந்தச் சொல்லுக்கு எழுத்தெண்ணிக்கையையும் பைட் எண்ணிக்கையையும் கேளுங்கள். 5, 15 என்று வந்தால் நலம். எழுத்தெண்ணிக்கையே 15 என்று வந்தால் ஒவ்வொரு பைட்டும் ஓர் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. அது மீட்கக்கூடிய சேதம். பதிவில் வெறும் கேள்விக்குறிகளாக நின்றால் எழுத்து போயே போய்விட்டது; பழைய காப்புப் பிரதிதான் கதி.

தேடலில் இன்னும் நுணுக்கமான ஒன்று வரும். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பைட் பைட்டாக ஒப்பிடும் தேடலில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ‘கொடி’ என்று தேடினால் டேபிளில் இருக்கும் ‘கொடி’ கிடைக்காது. உள்ளே வாங்கும் வாசலிலேயே பிஎச்பியின் ‘நார்மலைசர்’ மூலம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதே தீர்வு. தமிழ்த் தளம் எழுதும் பிள்ளைகளுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்பேன்.

பிழையே இல்லாமல் தவறான விடை தரும் குவெரிகள்தாம் என்னை அதிகம் அஞ்சவைப்பவை. ‘நல்’ என்ற நிலைக்கு மதிப்பு தெரியவில்லை என்று பொருள். ஒரு பட்டியலில் இல்லாதவர்களை எடு என்று கேட்கும்போது அந்தப் பட்டியலில் ஒரே ஒரு ‘நல்’ இருந்தால் விடை வெறுமையாக வரும். தெரியாத மதிப்பு அவருடையதாகவும் இருக்கலாம் அல்லவா, ஆகவே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது தரவுத்தளத்தின் தர்க்கம். தர்க்கம் சரி, பக்கத்தில் ‘யாரும் இல்லை’ என்று காட்டுவது தவறு. இன்னொன்று, எழுத்துப் புலத்தை எண்ணோடு ஒப்பிடுவது. மைஎஸ்க்யூஎல்லில் எண்ணில்லாத எழுத்துத் தொடர் எதையும் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் சமம் என்றே சொல்லும். காலியான ஒரு மாறி பூஜ்யமாக மாறிப் போனால், குறியீட்டுச் சொல் இதுவாக உள்ளவரை எடு என்ற குவெரி கிட்டத்தட்ட எல்லோரையும் எடுத்துக் கொடுக்கும். ஸ்டிரிக்ட் மோட் இல்லாத சர்வரில் அது ‘டெலீட்’டாக இருந்தால் அவ்வளவு பேரும் போனார்கள்.

தொலைபேசி எண்ணை எழுத்தாகப் பதிந்துவிட்டு எண்ணாகத் தேடினால் இந்தத் தவறோடு தாமதமும் சேரும். ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டியிருப்பதால் இன்டெக்ஸ் பயன்படாது. தேதிப் புலத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து ஒப்பிடுவதும், முன்னால் சதவீதக் குறி போட்டுத் தேடுவதும் இதே ரகம். நம் கணினியில் ஐம்பது பதிவுகள். எப்படி எழுதினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். சர்வரில் பத்து லட்சம். குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டினால் தரவுத்தளம் தான் போகப்போகும் வழியைச் சொல்லும். வகை என்ற இடத்தில் ‘ஆல்’ என்று வந்தால் டேபிள் முழுவதையும் புரட்டப்போகிறது; எத்தனை பதிவுகளைப் பார்க்கும் என்ற உத்தேசமும் அருகிலேயே இருக்கும்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கத்துக்கு நூறு ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனிக் குவெரியாகக் கேட்டால் நூற்றொரு குவெரி ஆகிறது. ஒவ்வொன்றும் வேகமாகவே ஓடும். மெதுவான குவெரிகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டின் இயல்பு எல்லை 10 விநாடி. இவற்றில் ஒன்றுகூட அதில் சிக்காது. பக்கம் மெதுவாக இருக்கிறது என்று பயனர் சொல்வார், பதிவேடு ஒன்றுமில்லை என்று சொல்லும். ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரி போகிறது என்று எண்ணிப் பார்த்தால் மட்டுமே பிடிபடும்.

தரவை மாற்றும் குவெரிக்கு என் கை தானாகச் செய்யும் ஒரு முறை உண்டு. முதலில் அதே நிபந்தனையோடு ‘செலக்ட்’ ஓட்டி எத்தனை பதிவு என்று பார்ப்பேன். பிறகு டிரான்சாக்‌ஷனைத் திறந்து மாற்றுவேன். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் உறுதிசெய்வேன். இவ்வளவு செய்தும் கடைசியில் காப்புப் பிரதிதான் துணை. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவு அடைவை அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடியபோது அது பல நாளாக எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அவர்கள் வைத்திருந்த தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6, காப்பெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு, ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்ற செய்தியை மின்னஞ்சலில் அனுப்பியும் இருக்கிறது. அந்த மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். நடந்ததை எல்லாம் ஒளிவுமறைவின்றி வெளியிட்டார்கள் என்பதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கல்லூரிப் பக்கத்துக்கு வருகிறேன். குவெரியைத் திருத்தி, பிழைகளைக் கோப்பில் எழுதச் செய்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி: அந்த மாணவியைப் போல இன்னும் எத்தனை பேர்? வெப் சர்வரின் வருகைப் பதிவேட்டை எடுத்து, படிவம் அனுப்பிய வரிகளை எண்ணினேன். டேபிளில் இருந்த பதிவுகளைவிட ஏழு கூடுதல். நேரம் இருந்தது, ஐபி எண் இருந்தது; என்ன தட்டினார்கள் என்பது எங்கும் இல்லை. ஒருவரே இருமுறை அனுப்பியும் இருக்கலாம். கல்லூரி முதல்வரிடம் நடந்ததைச் சொன்னேன். கடைசித் தேதியை ஒரு வாரம் நீட்டி, பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் நேரில் வரலாம் என்று அறிவிப்புப் பலகையிலும் ஊர்க் கோயில்களிலும் ஒட்டினார்கள்.

நான்கு பேர் வந்தார்கள். மூவர் பெயரில் அந்தக் குறி இருந்தது. நான்காவது பையனின் பெயரில் இல்லை. முகவரியில் இருந்தது, செயின்ட் மேரி'ஸ் காலனி என்று.